மேல்தளத்தில் மூன்று பெட்டிகள்

கச்சேரிச் சாலையில் ஒரு கைவண்டி மெல்ல உருண்டுகொண்டிருந்தது. அதன்மேல் ஒன்றன்மீது ஒன்றாக மூன்று நீண்ட மரப்பெட்டிகள். பெட்டிகளின்மேல் ஒரு வெள்ளை வேட்டி. வேட்டி என்னுடையது. வண்டியின் பின்னே தலைகவிழ்ந்து நடந்தவனும் நானேதான்.

பெட்டிகளின் வடிவம் பிறர் கண்ணில் படலாகாது என்றுதான் வேட்டியைப் போர்த்தினேன். போர்த்திய பிறகே எல்லார் கண்ணிலும் பட்டது. எதிரே மிதிவண்டியில் வந்த ஒருவர் இறங்கி ஓரமாக நின்றார். பழக்கடைக்காரர் பேரத்தை நிறுத்திவிட்டு எழுந்தார். சாலை நடுவே படுத்திருந்த எருமை ஒன்றுதான் எவ்வகை மரியாதையும் காட்டாமல் கிடந்தது. அன்று எனக்கு அதுவே ஆறுதல்.

"யாரு நைனா?" என்று ஒருவர் வண்டிக்காரரைக் கேட்டார்.

வண்டிக்காரர் முனுசாமி குறும்பு மிக்கவர். "யாருன்னு எனக்குத் தெரியாது. மூணு பொட்டி, ஒரே வூடு. அத்தான் தெரியும்."

"மூணா! அடப் பாவமே, வாந்திபேதியா?"

"வாத்யாரு பின்னால வந்துகினு கீறாரு, அவரையே கேளு."

நான் ஏதும் சொல்லாமல் நடந்தேன். அதை அவர்கள் பெருந்துயர் என்று கொண்டார்கள். அத்தர் விற்கும் முதியவர் ஒருவர் கடையை விட்டு இறங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, என்னோடு சற்றுத் தொலைவு நடந்துவந்தார். இறந்தோருக்குச் செய்யும் சிறப்பு அது. எனக்கு நாணம் மேலிட்டது.

"எங்க சார் அடக்கம்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

அவரிடம் பொய் சொல்ல வாய் எழவில்லை. "மொட்டை மாடியில்," என்றேன்.

அவர் அதற்குமேல் நடக்கவில்லை.

ஈறும் இலையும்

அப்பெட்டிகளில் துயில இருந்தவை சலாத்துக் கீரையும் முள்ளங்கியும் புதினாவும் என்பதை அத்தெருவில் நின்று விளக்கும் துணிவு எனக்கில்லை. இங்கே விளக்கிவிடுகிறேன்.

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். குண்டுவீச்சுக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடியவர்கள் எல்லாரும் திரும்பிவந்து, காலியாய்க் கிடந்த வீடுகளை நிரப்பிவிட்டிருந்தார்கள். முன்பு மயிலாப்பூரில் 'வீடு வாடகைக்கு' என்ற பலகை தொங்காத வாயிலைத் தேட வேண்டியிருந்தது. இப்போது தொங்கும் வாயிலைத் தேட வேண்டியிருந்தது. அவ்வாறான நாளில், கடற்காற்று நேரே வந்து புகும் இரண்டு அறைகள் எனக்கும் என் மனைவி மங்கைக்கும் மாடியில் கிடைத்திருந்தன. கீழே வீட்டின் உரிமையாளரான அலமேலு மாமி குடியிருந்தார்.

நான் தியாகராய நகரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியன். அவ்வாண்டுக் கோடையில் என் பல்லீறுகள் வீங்கிக் குருதி கசியத் தொடங்கின. வகுப்பில் செய்யுளை உரக்கச் சொல்லுகையில், நாவை மடக்கி ஒலிக்க வேண்டிய இடங்களில் எல்லாம் கண்ணில் நீர் துளிர்க்கும். மாணவர்கள் அதைத் தமிழ்ப்பற்று எனக் கருதி வியந்தார்கள். நானும் திருத்தவில்லை.

பள்ளிக்கு அருகில் இருந்த மருத்துவர் என் வாயைத் திறந்து பார்த்தார்.

"சோறும் குழம்புமா தின்னா இப்படித்தான் சார். இலையைப் பச்சையாத் தின்னுங்க. சலாட், முள்ளங்கி, தக்காளி, பார்ஸ்லி."

"ஆடு தின்பது போலவா?"

"ஆட்டுக்கு ஈறு வீங்கி நீங்க பார்த்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. ஆனால் சலாத்துக்கு எங்கே போவது? நீலமலையிலிருந்து வரும் காய்கறிக் கூடைகள் அனைத்தும் படைவீரர் முகாம்களுக்குச் சென்றுவிட்டன. "நீங்களே போடுங்க, மரப்பெட்டி போதும்," என்ற மருத்துவர், அடையாற்றில் தோட்டம் வைத்திருந்த தம் நண்பரிடமிருந்து சிறு விதைப் பொட்டலங்களை வாங்கித் தந்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சலாத்துக்கு ஒரு நல்ல தமிழ்ப் பெயர் தேடத் தொடங்கினேன். இலைக்கோசு என்பதா, பச்சிலைக்கீரை என்பதா?

"பேரு அப்புறம் வைக்கலாங்க," என்றாள் மங்கை. "முதல்ல பிறக்கட்டும்."

ஒரு சொட்டு

எங்கள் வீட்டின் அமைப்பைச் சொல்ல வேண்டும். முன்பாதிக்கு மட்டுமே மாடி உண்டு. பின்பாதியின் தளம் எங்கள் அறைக்கு வெளியே வெட்டவெளியாய் விரிந்திருந்தது. அதன் கீழே மாமியின் பூசையறை, அரிசியும் புளியும் வைக்கும் உள்ளறை, சமையலறை. பயிரிட எங்களுக்கு வாய்த்த இடம் அந்தத் தளம் ஒன்றே.

மாமியின் கணவர் வடநாட்டில் பணியில் இருந்தார். வீட்டின் ஆட்சி முழுவதும் மாமியுடையது. மகளும் மாப்பிள்ளையும் சென்னைக்கு மாற்றலாகி வர இருந்தனர். அவர்களுக்கு எங்கள் மாடி வேண்டியிருந்தது. ஆயினும் குடியிருக்கலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டோமே என்ற ஒன்றனால், எங்களைப் போகச் சொல்லாமல் இருந்தார். வாக்கைத் தாமாக முறிக்கமாட்டார். முறிப்பதற்கு நாங்கள் ஒரு காரணம் தந்தால் மறுக்கவும் மாட்டார்.

தளத்தில் பயிரிடப்போகும் செய்தியைச் சொன்னதும் மாமி மங்கையைப் பார்த்தே பேசினார்.

"ஏண்டி மங்கை, இது பழைய தளம். போன மழைக்கே உள்ளுல அரிசி மூட்டை நனைஞ்சு போச்சு. நீங்க மேல பாத்தி கட்டறேன், வாய்க்கால் வெட்டறேன்னா என்னத்துக்கு ஆகும்?"

"பாத்தி இல்ல மாமி. பெட்டிதான்."

"பொட்டியோ தொட்டியோ. ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு கீழ எறங்கித்துன்னா, நீங்க மாடியைக் காலி பண்ணிடணும். சம்மதமா?"

நான் சிந்திக்குமுன் மங்கை, "சம்மதம் மாமி," என்று சொல்லிவிட்டாள். மாடிப்படி ஏறுகையில், "உங்க வாய் ஆறணும்ல," என்றாள்.

மண்தொட்டி எந்நேரமும் வியர்க்கும்; அது ஆகாது. நீர் கசியாத மரப்பெட்டியே வேண்டும். இவ்வாறாக எங்கள் குடியிருப்பு முழுவதும் ஒரு தச்சரின் கைத்திறத்தில் வந்து நின்றது.

அருளப்பரின் பட்டறை

தச்சர்கள் இருந்தார்கள், பலகை இல்லை. தேக்கும் தேவதாருவும் போர்த்தளவாடப் பெட்டிகளாகிக் கப்பலேறிக்கொண்டிருந்தன. நான் கேட்ட பட்டறைகளில் எல்லாம் கைவிரித்தார்கள். பலகை தட்டுப்பாடின்றிக் கிடந்த இடம் நகரின் இப்பகுதியில் ஒன்றே. சாந்தோமில் அருளப்பர் நடத்திவந்த சவப்பெட்டிக் கடை. உயிரோடிருந்த எங்களுக்குக் கிட்டாத மாம்பலகை, அத்தேவையைக் கடந்துபோனவர்களுக்குக் கிட்டியது.

அருளப்பர் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவர். வலை வீசப் பிடிக்காமல் உளி பிடித்தவர். நல்ல பருமன், அதைவிடப் பெரிய குரல். நான் உள்ளே நுழைந்ததும் குரலைத் தணித்துக்கொண்டார்.

"வா வாத்யாரே. யாருக்கு? பெரியவங்களா, சின்னவங்களா?"

"கீரைக்கு," என்றேன்.

உளியைக் கீழே வைத்தார். "கீரைக்கு இன்னாத்துக்கு வாத்யாரே பொட்டி? அது செத்தா கொயம்புக்குள்ள தானே போவுது?"

விளக்கினேன். முழங்கை ஆழம், ஆள் நீளம், மூடி வேண்டா. முதன்மையாக, ஒரு சொட்டு நீரும் ஒழுகலாகாது.

ஒழுகுவது என்ற சொல்லை அவர் பொறுத்துக்கொள்ளவில்லை.

"இன்னா பேச்சு பேசுற? என் பொட்டி ஒழுவுமா? இத்தினி வருசமா செய்யறேன், உள்ள கீற ஒருத்தனாவது எழுந்து வந்து ஒழுவுதுன்னு சொல்லிகீறானா?"

அச்சான்றை ஏற்று முன்பணத்தை எடுத்து வைத்தேன்.

சில நாள் கழித்துச் சென்றபோது மூன்று பெட்டிகளும் அணியமாய் இருந்தன. மூட்டுகளில் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி ஊற்றிப் படகுபோல் அடைத்திருந்தார். வேலை அப்பழுக்கற்றது. ஆனால் தோள் வரும் இடத்தில் அகன்று, கால்பக்கம் குறுகி, பார்த்தவுடன் எவரும் அடையாளம் கண்டுகொள்ளும் வடிவில் இருந்தன.

"நேர் பெட்டியாகச் செய்யச் சொன்னேனே?"

அவர் தலையைச் சொறிந்தார். "நேராத்தான் ஆரம்பிச்சேன் வாத்யாரே. கை அது பாட்டுக்கு அப்படிப் பூட்சி. கீரைக்கு மட்டும் தோளு இருக்கக் கூடாதா?"

அப்போதுதான் என் தோளில் கிடந்த மேல்வேட்டியை எடுத்துப் பெட்டிகள்மேல் போர்த்தினேன். அதன் பின் நடந்ததைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

நற்பேறாக, மாமி அவ்வேளையில் கோயிலுக்குச் சென்றிருந்தார். வண்டி பின்சந்து வழியே வந்ததனால் எந்த வீட்டுக்குப் போயிற்று என்பது தெருவில் எவருக்கும் தெரியவில்லை. மாமி திரும்பிவந்து முற்றத்தில் நின்றபடி மங்கையை அழைத்தார்.

"கேட்டியோடி? யாரோ போயிட்டாளாம். மூணு பேராம்! எந்த ஆம்னே தெரியலையாம். தெருவோட போயிருக்கு. நான் ஸ்நானம் பண்ணிட்டு வந்துடறேன்."

கிணற்றடியில் மாமி தலைமுழுகும் ஓசை கேட்டது. மங்கை என்னைப் பார்த்தாள். நான் மேற்கூரையைப் பார்த்தேன்.

மண்ணும் விதையும்

பெட்டியைப் பயிருக்கு அணியப்படுத்துவது, கைக்குழந்தைக்குத் தொட்டில் கட்டுவதைவிடக் கடினம் என்பதை அந்தக் கிழமைகளில் அறிந்தேன்.

முதலில் உட்புறத்தைக் காய்ந்த தென்னோலை கொண்டு இலேசாகத் தீய்த்தோம், கரையான் ஏறாதாம். பின் வேப்பெண்ணெயை இருமுறை பூசி, வெயிலில் காயவிட்டோம். எண்ணெயின் வாடை கீழே போகாதிருக்க மங்கை நாள்முழுதும் சாம்பிராணி போட்டாள். வெளிப்புறத்துக்குக் காவி அடித்தோம். தோள்களைக் காவி சிறிது மறைத்தது. எட்ட நின்று பார்த்தால் ஏதோ கோயில் பண்டம் போலத் தோன்றின.

தளத்தில் எங்கே வைப்பது? தண்ணீர்த் தொட்டியின் நிழல் பிற்பகலில் விழும் மூலையைத் தேர்ந்தோம். அதன்கீழ் இருந்தது மாமியின் அரிசியறை. ஆகவே நான் கூடுதல் விழிப்போடு, களிமண்ணைப் பிசைந்து அங்கே மெத்தைபோல் பரப்பி, அதன்மேல் பெட்டிகளை அழுத்தி அமர்த்தினேன்.

அடியில் ஓட்டுச் சில்லுகள், அதன்மேல் மணல், அதன்மேல் வேளச்சேரி ஏரியிலிருந்து மாட்டுவண்டியில் வந்த வண்டல், பால்காரர் கொடுத்த மக்கிய எரு. அந்நாளில் வேளச்சேரி என்பது நகருக்கு வெகுதொலைவில் இருந்த ஊர். மாட்டுவண்டிக்காரர் கட்டுச்சோற்றோடு வந்தார். இரண்டு பெட்டிகள் நிறைவதற்குள் வண்டல் தீர்ந்துவிட்டது. மூன்றாவது பெட்டி வெறுமையாய்ச் சுவரில் சாய்ந்து நின்றது.

"தண்ணி அதிகமாச்சுன்னா எங்கங்க போகும்? அடியில ஓட்டையே இல்லையே," என்று மங்கை கேட்டாள்.

"எங்கும் போகலாகாது என்பதுதானே மாமியோடு செய்த உடன்பாடு?"

"அது மாமியோட உடன்பாடு. செடியோட இல்லையே."

கேட்டதில் பொருள் இருந்தது. ஆனால் ஓட்டை என்றால் சொட்டு. சொட்டு என்றால் வீடு. ஆகவே குடத்தால் ஊற்றாமல், பன்னீர் தெளிப்பதுபோல் கையால் தெளித்தே வளர்ப்பது என முடிவுசெய்தோம்.

முள்ளங்கி உடனே முளைத்தது. கொத்தமல்லியும் வந்தது. நட்ட புதினாத் தண்டுகள் தாமே துளிர்த்தன. சலாத்து மட்டும் அசையவில்லை. சென்னையின் புழுக்கத்தில் அவ்விதை உறங்கிவிடும் என்று மருத்துவர் சொன்னார். மங்கை மறுபடியும் ஒரு பிடி விதையை ஈரத்துணியில் முடிந்து, குடிநீர்ப் பானையின் குளிர்ந்த வயிற்றில் ஒட்டக் கட்டிவைத்தாள். இரண்டொரு நாளில் துணியைப் பிரித்தபோது வெண்மையாய் மூக்கு நீட்டியிருந்தன. அவற்றைச் சாம்பலோடு கலந்து, எறும்புக்குத் தெரியாமல், மாலையில் விதைத்தாள்.

புரட்டாசி முடிவில் பெட்டிகள் இரண்டும் பசுமையாய் இருந்தன. முதன்முதல் களைந்தெடுத்த இளந்தளிர்களை எலுமிச்சைச் சாறும் உப்பும் சேர்த்து மங்கை இலையில் இட்டாள். மென்றேன். மெல்லிய கசப்பு; அதன்பின் ஒரு குளிர்ச்சி. நாள்தோறும் தின்றேன். வகுப்பில் என் கண்ணீர் குறைந்தது. மாணவர்களுக்கு என்மேல் இருந்த மதிப்பும் சற்றே குறைந்தது என நினைக்கிறேன்.

ஐப்பசி

பின்னர் மழை வந்தது. சென்னை மழை தெளிக்காது, கவிழ்க்கும். விடாமல் பெய்து, இரண்டாம் நாளுக்குள் பெட்டிகள் இரண்டும் விளிம்புவரை நிறைந்துவிட்டன. அருளப்பரின் குங்கிலியம் ஒரு துளியையும் கீழே விடவில்லை. சலாத்து இலைகள் அல்லிபோல் மிதந்தன. வெண்கலச் செம்பால் முகந்து முகந்து பின்சந்தில் ஊற்றிப் பார்த்தேன். வானம் என்னைவிட விரைவாக ஊற்றியது.

முற்பகல் வேளையில் கீழேயிருந்து குரல் எழுந்தது.

"மங்கை! பண்டிதரே! வாங்கோ இங்க, வந்து பாருங்கோ!"

ஓடினோம். பூசையறையின் நடுவே மாமி ஒரு வெண்கலப் பானையை வைத்திருந்தார். மேலேயிருந்து அதனுள் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டும் மணியடித்தாற்போல் ஒலித்தது.

"ஒரு சொட்டுன்னு சொன்னேன். இங்க ஆறா ஓடறது. நான் சொன்ன சொல்லு மாறமாட்டேன், நீங்களும் மாறப்படாது."

அந்த மாடியும் அதன் கடற்காற்றும் கைவிட்டுப் போயின என்றே கருதினேன். மங்கைதான் பேசினாள்.

"மாமி, எங்க பெட்டி இதுக்கு மேல இல்லையே. அரிசியறைக்கு மேலதானே இருக்கு."

"எங்க இருந்தா என்ன? தண்ணி ஓடி வராதா?"

"ஓடி வர்றதுன்னா முதல்ல அங்கதானே ஒழுகணும்? வாங்க பார்க்கலாம்."

மாமி முறைத்தார், ஆயினும் நடந்தார். அரிசியறைக் கதவைத் திறந்தார். சுவரைத் தடவினார். மூட்டையின் அடியில் கைவிட்டுப் பார்த்தார். மேலே அண்ணாந்து நெடுநேரம் நின்றார். ஆண்டுதோறும் ஒழுகிய அந்த அறை பஞ்சுபோல் உலர்ந்து கிடந்தது. அதன்மேல் இருந்த வெடிப்புகளை என் களிமண் மெத்தையும் ஒழுகாப் பெட்டிகளும் அடைத்துக்கொண்டிருந்தன.

மாமி தாழங்குடையை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினார். நாங்களும் பின்னே ஏறினோம். கொட்டும் மழையில் பெட்டிகளைச் சுற்றிவந்தார். பின் சுவரில் சாய்ந்திருந்த மூன்றாம் பெட்டியைக் குடையின் நுனியால் தட்டினார்.

"இது சும்மாத்தானே இருக்கு? பூஜை உள்ளுக்கு மேல கவுத்துப் போட்டு, ஓரத்துல களிமண்ணை அப்பினா நிக்குமோன்னோ?"

"நிற்கும் மாமி," என்றேன் விரைவாக. ஒரே ஒரு 'ஆம்'; அதோடு வீடு எங்களுடையது.

வாய்திறந்த மங்கையைத் தடுக்கக் கை நீட்டினேன்; அவள் என் கையை விலக்கினாள்.

"மாமி, சாமிக்கு மேல வைக்கிறதுன்னா ஒண்ணு சொல்லணும். இது சாந்தோம்ல சவப்பெட்டி செய்யறவர் செஞ்சது. அன்னைக்குத் தெருவோட வந்தது இதுங்கதான்."

நான் மனத்துக்குள் சாமான்களை மூட்டை கட்டத் தொடங்கினேன். மாமியின் பார்வை அகன்ற தோளிலிருந்து குறுகிய கால்வரை சென்று, மீண்டு, மங்கையின்மேல் நின்றது.

"இதுல யாராவது படுத்துண்டாளா?"

"இல்ல மாமி. புதுசு."

"யாருக்காவதுன்னு பண்ணி, அவா வேண்டாம்னுட்டாளா?"

"கீரைக்குன்னு சொல்லித்தான் செஞ்சாங்க."

"அப்போ இது எப்படிடி சவப்பெட்டியாகும்? மாம்பலகை. எங்காத்து ஊஞ்சலும் மாம்பலகைதான்." குடையை மடக்கி ஓரம் வைத்தார், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினார். "பண்டிதரே, நின்னுண்டே இருந்தா எப்படி? அந்தக் கோடியைப் பிடியுங்கோ. அகலமான பக்கம் எனக்கு."

தோள்பக்கத்தை மாமியும் கால்பக்கத்தை நானும் பற்றித் தூக்கினோம். வழுக்கும் தளத்தில் மெல்ல நடந்து, வெடிப்பின்மேல் பெட்டியைக் கவிழ்த்தோம். மங்கை களிமண்ணை வாரிவந்தாள். மூவரும் மண்டியிட்டு ஓரங்களை அப்பினோம். பிறகு அவள் கீழே ஓடினாள்.

பின்பு முற்றத்திலிருந்து அவள் குரல் வந்தது.

"நின்னுடுச்சு மாமி!"

மாமி எழுந்திருக்கவில்லை. நனைந்த கூந்தல் முகத்தில் ஒட்டியிருக்க, கவிழ்ந்து கிடந்த பெட்டியின் முதுகை உள்ளங்கையால் இருமுறை தட்டினார்.

"மாப்பிள்ளையை மாம்பலத்துப் பக்கம் ஆம் பாக்கச் சொல்லணும்," என்றார், என்னிடம் அல்ல, பெட்டியிடம்.